பதினெட்டாம் செடி

எங்கள் வீட்டில் கோதுமை என்றால் காய்ச்சல்காரர்களுக்குக் காய்ச்சும் கஞ்சி. ரேஷன் கடையில் எப்போதாவது கோதுமை போட்டால் அம்மா அதைக் கழுவி, மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து ரவையாக உடைத்து வருவாள். அதற்கு மேல் அந்தத் தானியத்தோடு எங்களுக்கு உறவு கிடையாது. அதனால் நான் சென்னையில் தாவரவியல் முடித்துவிட்டு, வடக்கே ஒரு வேளாண் பல்கலைக்கழகத்தில் கோதுமை ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னபோது, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது சரியாகப் பிடிபடவில்லை.

"கோதுமைய படிக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம ரேஷன் கடையிலயே மூட்ட மூட்டயா இருக்குதே," என்றாள் எதிர்வீட்டு அத்தை.

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நிறுத்தாமல், "போவட்டும்மா, ஒரே பொண்ணு, ஆசப்படுது," என்றார். தறி நாடாவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் வெறும் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் இது. இருபத்திரண்டு வயதில்தான் கோதுமை வயலை முதன்முதலில் பார்த்தேன். விடுதியில் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் ஹரியானாப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஒரே வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு செய்ய வந்தவர்கள். அவளுக்கு வயல், எனக்கு ஆய்வகம் என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். சேர்ந்த முதல் வாரம் அவள் என்னை வயலுக்கு இழுத்துப் போனாள். பனி இன்னும் விலகாத காலை. ஓர் இலையைப் பறித்து என் வெள்ளைத் துப்பட்டாவில் தேய்த்தாள். செங்காவி நிறத்தில் நீளமாக ஒரு கறை விழுந்தது.

"இதுதான் துருநோய். இதுக்காகத்தான் உன்னை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைச்சிருக்காங்க," என்றாள் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும். அந்தக் கறை எத்தனை முறை துவைத்தும் முழுதாகப் போகவில்லை.

இரும்பில் பிடிப்பது போலவே கோதுமை இலையில் பிடிக்கிற பூஞ்சணம் அது. காற்றில் பறந்து ஊர்விட்டு ஊர் போகும். பிடித்துவிட்டால் மணி சுருங்கிப்போகும். அதை எதிர்க்கும் மரபணு சில பழைய ரகங்களில் உண்டு. ஆனால் அவற்றில் விளைச்சல் குறைவு. நல்ல விளைச்சல் தருகிற ரகத்தோடு அவற்றைக் கலந்து, பிறக்கிற செடிகளில் எதிர்ப்பு உள்ளதை மட்டும் பொறுக்கியெடுத்து, மறுபடி நல்ல ரகத்தோடு சேர்க்க வேண்டும். காலம் காலமாகச் செய்வதுதான். எங்கள் பேராசிரியர் ஒன்றல்ல, இரண்டு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்க்க நினைத்தார். ஒன்றை நோய் தாண்டிவிட்டாலும் மற்றது காப்பாற்றும். சிக்கல் என்னவென்றால், நோயைத் தடவி வளர்த்துப் பார்த்தால் ஒரு மரபணு இருக்கிற செடியும் இரண்டும் இருக்கிற செடியும் ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். கண்ணால் பிரிக்க முடியாது. நாற்றாக இருக்கும்போதே இலையில் ஒரு துண்டு கிள்ளி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, மரபணுவுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு அடையாளத்தைத் தேடினால் தெரியும். அதை ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டுப் படம் எடுத்தால் கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தடம். தடத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் அடையாளம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அவ்வளவுதான் என்று இப்போது எழுதிவிடுகிறேன். அன்று முதல் கோடு தெரிந்தபோது ஆய்வகத்தின் இருட்டறையில் நானும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

இரண்டாம் வருட மார்ச்சில் ஒரு வாரம் முழுவதும் வயலில் குனிந்தபடி, இடுக்கியால் கதிரின் ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவினேன். வழக்கமாக அவள் செய்கிற வேலை. "ஒரு தடவையாவது நீயும் செய், உன் கையால் வந்த விதைன்னு இருக்கட்டும்," என்று இடுக்கியை என்னிடம் கொடுத்தாள். விதைகள் முற்றின. நவம்பரில் அவற்றை விதைப்பதாகத் திட்டம். அதற்கு முன்பே, ஆவணியில், விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம்.

நான் வந்து சேர்ந்தபோது அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி ஏதோ சொன்னாள். சொல்லாக வரவில்லை, வெறும் சத்தமாக வந்தது. அவள் முகத்தில் அதைக் கேட்ட திகைப்பு, உடம்பு விழுந்ததைவிடப் பெரியதாக இருந்தது. எங்கள் தெருவிலேயே வாயாடி என்று பெயர் எடுத்தவள் அவள்.

மூன்று மாத விடுப்பு எடுத்திருந்தேன். அப்பா தறியில் இருந்தால்தான் வீடு நடக்கும். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட, ஊட்ட வேறு ஆள் இல்லை. மூன்று மாதம் ஆறாகும் என்பது வந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பர் வந்தது. காஞ்சியில் மழை. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, அங்கே இப்போது மண் எப்படி இருக்கும், கண்ணாடி வீட்டுத் தொட்டிகளில் தோழி விதை போட்டிருப்பாளா, முளை வந்திருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். இந்த ஏக்கத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. மனிதருக்காக ஏங்கினால் ஊருக்குப் புரியும். காதலன் என்றால் வதந்தியாகவாவது புரியும். என் கையால் உண்டாக்கிய சில செடிகள், நான் பார்க்காமலேயே எங்கோ முளைத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்காக ஏங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் தெருவில் பனி இறங்கினால் போதும், அந்த வயலின் வாசனை வந்துவிடும். ஈர வைக்கோலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஏன் மண்ணெண்ணெய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்கழித் தொடக்கத்தில் தோழியிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு ஜெல்லின் புகைப்படம். நாற்பது செடிகள், நாற்பது தடங்கள். கூடவே ஒரு கடிதம். 'விதை எல்லாம் முளைத்துவிட்டது. ஒவ்வொரு ஜெல்லையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். இரண்டாவது ஆள் நீதான். வேறு யாரையும் நான் கேட்கப்போவதில்லை. படித்து அனுப்பு. என்ன வந்தது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.'

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். அன்று மாலையே உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாற்பது தடங்களையும் படித்து, நோட்டில் எழுதி, அதன் நகலை மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன்.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க செவிலிமேட்டிலிருந்து ஒரு பெண் டவுன் பஸ்ஸில் வருவாள். கை, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சுதான் வரவில்லை. வந்த சில சொற்களும் மாறிப்போயின. தண்ணீர் வேண்டுமென்றால் 'காப்பி' என்பாள். அப்பாவைக் கூப்பிட நினைத்து என் பெயரைச் சொல்வாள். சொன்ன பிறகு அது தப்பென்று தெரிந்து வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"தெனம் எதுனா பேச வைங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "பெரிய பேச்சு வாணாம். ரெண்டே வார்த்தயா இருந்தாலும் பரவால்ல. பாத்துட்டு சொல்ற மாதிரி எதுனா குடுங்க."

தை மாதம் இரண்டாவது படம் வந்தது. அதே நாற்பது செடிகள், ஆனால் வேறோர் அடையாளம். முதல் அடையாளம் இரண்டு மரபணுக்களில் ஒன்றுக்கு இந்தப் பக்கம் என்றால் இது அதற்கே அந்தப் பக்கம். இரண்டும் மரபணுவை நெருங்கி இருப்பதால், ஒன்று இருக்கிற செடியில் மற்றதும் அநேகமாக இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் நடுவில் இருக்கிற மரபணுவை நம்பலாம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் படத்தை வைத்தேன். ஒரு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, ஒரு நேரத்தில் ஒரு தடம் மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்தினேன்.

"வெள்ளக் கோடு இருந்தா இருக்குதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. அவ்ளோதாம்மா."

அம்மா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இ... இ... இக்குது," என்றாள்.

அடுத்த தடம். "இல்ல." அது சுத்தமாக வந்தது.

ஒரு நாளைக்கு எட்டுத் தடம் என்று வைத்துக்கொண்டோம். அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் குரல் ஒவ்வொன்றாக வரும். அப்பா சில நேரம் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். மூன்றாம் நாள் பதினேழாம் தடத்துக்கு வந்தோம். 'ர' இன்னும் உருளவில்லை என்றாலும், சொல் முழுசாக வர ஆரம்பித்திருந்தது.

"இல்ல," என்றாள்.

நான் முதல் படத்தைப் படித்த நோட்டைப் பார்த்தேன். பதினேழுக்கு 'உண்டு' என்று எழுதியிருந்தேன். இதிலும் இருக்க வேண்டும்.

"நல்லா பாரும்மா."

"இல்ல."

"சரி, அடுத்தது."

"இருக்குது," என்றாள் பதினெட்டுக்கு. என் நோட்டில் பதினெட்டுக்கு 'இல்லை'.

அவள் சொற்கள் மாறிப்போகிற வழக்கம்தான் எனக்கு முதலில் தோன்றியது. "மாத்தி சொல்றம்மா. பதினேழு இருக்குது, பதினெட்டு இல்ல. எங்க, சொல்லு பாப்போம்," என்றேன். ஒரு குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இல்ல! இருக்குது!" என்று தலையணையில் அடித்தாள்.

நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னதை விட்டுவிட்டு, பதினேழு உண்டு, பதினெட்டு இல்லை என்று நானாகத் தாளில் எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியும். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடது கையால் படத்தைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கண்ணு," என்றாள். வெகுநேரம் கழித்து மறுபடியும், "எங் கண்ணு... நல்லா..." அதற்கு மேல் வரவில்லை. அழுதாள். தறி நின்றுபோயிற்று. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அவள் தூங்கும்போது படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பதினேழில் கோடு இல்லை. பதினெட்டில் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல், கெட்டியாக, வெள்ளையாக இருந்தது.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்பார்த்ததையே கண்டதாக எழுதுவது எங்கள் தொழிலில் செய்யக் கூடாத முதல் தப்பு. அதைச் செய்தேன் என்பது ஒரு பக்கம். அம்மாவின் உடம்பில் பழுதாகாமல் மிஞ்சியிருந்ததை நான் பழுது என்று சொல்லிவிட்டேன் என்பது இன்னொரு பக்கம். எது என்னை அதிகம் சுட்டது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள். "நீ சொன்னதுதாம்மா சரி. நாந்தான் பாக்காமலே எழுதிட்டேன்," என்றேன். அவள் இடது கையால் என் காதைப் பிடித்துத் திருகினாள். வலிக்கிற அளவுக்குத் திருகினாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

அடுத்தடுத்த இரண்டு செடிகளில் நேரெதிராக மாறி வருவது இயற்கையில் ஏறக்குறைய நடக்காது. ஏதோ ஒரு ஜெல்லில் பதினேழும் பதினெட்டும் இடம் மாறிப்போயிருக்க வேண்டும். எந்த ஜெல்லில் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தோழி முதல் படத்தை நம்பிச் செடிகளைக் கழித்திருப்பாள் என்பது தெரியும். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆய்வகத்துத் தாழ்வாரத்தில் இருக்கிற தொலைபேசியை யாரோ எடுத்து, அவளைக் கூப்பிட்டுவரப் போய், ஒரு யுகம் ஆயிற்று.

"பதினெட்டாம் செடியை என்ன பண்ணினே?" என்று கேட்டேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"கழிச்சாச்சு. அதில்தான் இல்லையே. கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் தூக்கி வெச்சுட்டேன். ஏன்?"

சொன்னேன். "போனை வெச்சுடு. நான் போய்ப் பார்க்கறேன்," என்றாள். தொடர்பு அறுந்தது.

பூத்துக்காரர், "இன்னாம்மா, யாருக்குனா உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். "ஆமாண்ணே," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா காலையில் கண்விழித்ததும் என்னைப் பார்த்து, "பதினெட்டு?" என்று கேட்பாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பிசகாமல் வந்த முதல் பெரிய சொல் அதுதான்.

'தொட்டி காய்ந்து கிடந்தது,' என்று எழுதியிருந்தாள். 'அடியிலிருந்து கிளைத்த தூர்களில் பெரும்பாலானவை வாடிவிட்டன. இரண்டு தூரில் மட்டும் பச்சை இருந்தது. தண்ணீர் விட்டு உள்ளே கொண்டுவந்து, இலை கிள்ளி மறுபடி இரண்டு அடையாளத்தையும் ஓட்டிப் பார்த்தேன். முதல் ஜெல்லில்தான் நான் மாற்றி ஊற்றியிருக்கிறேன். பதினெட்டில் இருக்கிறது. தனியாக ஓட்டிப் பார்த்ததில் இரண்டாவது மரபணுவும் அதில் இருக்கிறது. தேறியவற்றில் இவ்வளவு நன்றாக வேறு எதுவும் இல்லை. பார்த்தது உன் அம்மா என்று நீ சொன்னதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.'

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தாளு கெடக்கறான்," என்றாள், தெளிவாக.

இரண்டு வருடம் படங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த இரண்டு தூரில் விளைந்த கொஞ்சம் விதையிலிருந்து அடுத்த தலைமுறை, அதிலிருந்து அடுத்தது. அம்மாவும் நானும் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒப்பிடுவோம். அவளுக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் தனியாக எழுந்து நடக்க முடியவில்லை. ஆய்வுக்கான காலக்கெடு முடிந்து பதிவு ரத்தாகிறது என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். என் முகத்தைப் பார்த்து அம்மா கேட்டாள்.

"இன்னாடி அது?"

"ஒன்னும் இல்லம்மா. இனிமே அங்க போவ வேண்டியதில்லன்னு எழுதிக்கிறாங்க."

அம்மா உறையை வாங்கிக் கீழே வைத்தாள். "நான் போய்ட்டிருந்தா நீ போயிருப்ப," என்றாள்.

"சும்மா இரும்மா."

"போயிருப்பியா, இல்லயா?"

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் நான் அங்கே இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளும் இல்லை. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால், இருந்தன, அவ்வளவுதான்.

பிறகு ஊரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. தோழி முனைவர் பட்டம் வாங்கினாள். ஆய்வேட்டின் ஒரு பிரதியை அனுப்பிவைத்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என்னையும், 'ஜெல்களைப் படித்த அவளுடைய தாயாரையும்' குறிப்பிட்டிருந்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தில் அக்கறை இல்லை. "பதினெட்டு எங்க?" என்று கேட்டாள். படம் இருந்த பக்கத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நம்மகிட்ட வந்த படத்துல இன்னும் நல்லா தெரிஞ்சுது," என்று சொல்லி மூடினாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து ஒரு பங்குனியில் அம்மா போய்விட்டாள். பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது, ஒரே நாளில் முடிந்துவிட்டது. காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி வீடு காலியான பிறகு, இனி எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த வேகத்துக்கு நானே பயந்து, அடுத்த இரண்டு வருடம் எங்கும் போகவில்லை.

கடைசியில் ஒரு பிப்ரவரி இறுதியில் போனேன். பதினெட்டின் வழிவந்த கோதுமை தனி ரகமாக வெளிவரவில்லை. மணி கொஞ்சம் சிறியது என்றார்கள். ஆனால் வேறு நல்ல ரகங்களுக்கு எதிர்ப்பைக் கொடுக்கிற தாயாக அதை வைத்திருந்தார்கள். இதையெல்லாம் தோழி எழுதியிருந்தாள். நான் போவதற்கு ஒரு மாதம் முன்பு அவள் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். காத்திருக்க முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல். பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

வயல் உதவியாளர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பாத்திகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய குச்சி. ஒரு பாத்தியின் முன் நின்று, "இதுதான் மேடம்," என்றார் இந்தியில். பக்கத்துப் பாத்தியில் துரு பிடித்து இலையெல்லாம் செம்மண் நிறமாக இருந்தது. இது பச்சையாக நின்றது. கதிர் வெளிவந்து பூக்கிற சமயம். நான் மண்டியிட்டு ஒரு கதிரை விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தேன். அவர் நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. தோழி இருந்திருந்தால் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருப்பாள். அம்மா இருந்திருந்தால், ஊருக்குப் போய் முழுசாகச் சொல்லியிருப்பேன். பத்து வருடம் ஏங்கிய இடத்தில் நின்றுகொண்டு, அந்த இரண்டு பேருக்காக ஏங்கினேன்.

மூன்றாம் நாள் காலை வீடு வந்து சேர்ந்தேன். அப்பா தறியில் இருந்தார். பையை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேம்பா."

"எவ்ளோ ஒசரம் இருந்துச்சு?"

எழுந்து நின்று, இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன். அப்பா தறிக்குழியிலிருந்து நிமிர்ந்து, கைக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதாம்பா."

அவர் குனிந்து தறி நாடாவை எடுத்தார். கையை உடனே கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.